இடிபாடு மிஞ்சாத ஊர்

ஓட்டப்பிடாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் கண்ணில் பட்ட டீக்கடையில் கொடியன்குளத்துக்கு வழி கேட்டேன். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க பாக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? கோட்டை பாக்கணும்னா பாஞ்சாலங்குறிச்சிக்குல்லா போணும்" என்றார்.

அவர்மேல் குற்றமில்லை. இந்த ஊருக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் கேட்பது இரண்டே இடங்களைத்தான்: வ.உ.சி. பிறந்த வீடு, கட்டபொம்மன் கோட்டை. மூன்றாவதாக ஒரு பெயரைச் சொன்னதும் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். இந்தப் பக்கம் ஊர்ப் பெயரைச் சொன்னாலே அதற்குப் பின்னால் ஒரு கேள்வி நிற்கும். நீ யார், எந்த ஊர், என்ன ஆள்? அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆவணி மாதம் முடியப் போகிற நேரம். மானாவாரி நிலமெல்லாம் உழுது போட்டு மழைக்காகக் கிடந்தது. கரிசல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும் வெடிப்பு. புரட்டாசியில் இரண்டு மழை கிடைத்துவிட்டால் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமுமாக இதே மண் ஆளையே மாற்றிக்கொள்ளும். வரப்போரம் உடைமரம், அதற்குப் பின்னால் வேலிக்கருவை. கொடியன்குளத்தில் எங்கும் இடிந்த சுவர் இல்லை. பெயின்ட் அடித்த வீடுகள், தண்ணீர்த் தொட்டி, கூரைமேல் டிஷ், வாசலில் பைக். முப்பது வருஷமாகப் படித்தும் கேட்டும் வந்த ஊருக்கு முதல்முறை போகிறவன் ஒரு கரிந்த உத்திரத்தையாவது எதிர்பார்த்துத்தான் போகிறான். அப்படி எதிர்பார்த்ததற்கு அங்கே நிற்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. மனிதர்கள் திரும்பி வந்து வாழ்கிறார்கள், நான் இடிபாட்டைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

1995ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி, மேற்கே வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் தகராறு. டிரைவர் ஒரு சாதி, பையன்கள் ஒரு சாதி. அடுத்த சில வாரங்கள் அன்றைய திருநெல்வேலிச் சீமை முழுக்க மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே வெட்டும் தீவைப்புமாகப் போயின. இரண்டு பக்கமும் பிணம் விழுந்தது. அந்தப் பின்னணியில்தான் ஆகஸ்ட் 31ஆம் தேதி, பட்டப்பகலில், அறுநூறு பேர் கொண்ட போலீஸ் படை கொடியன்குளத்துக்குள் இறங்கியது. முந்நூறு குடும்பங்கள்கூட இல்லாத தேவேந்திரர் ஊர். குற்றவாளிகளைத் தேடுகிறோம், ஆயுதம் தேடுகிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். கலவரக் கும்பல் வந்து ஓர் ஊரை அழித்தது என்றால் ஒரு வகை. இங்கே கும்பலுக்குப் பதிலாகச் சீருடை வந்தது.

அன்று அழிந்தவற்றின் பட்டியல் பத்திரிகைகளிலும் மனித உரிமை அறிக்கைகளிலும் இருக்கிறது. டி.வி., மின்விசிறி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், விவசாயக் கருவிகள், டிராக்டர். குதிரிலும் மூட்டையிலும் இருந்த தானியம். துணிமணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தத் தீயில் படித்த பையன்களின் சான்றிதழ்கள் போயின, பாஸ்போர்ட்டுகள் போயின. கிணற்றில் விஷம் கலந்தது.

ஆயுதம் தேடுகிறவன் டிராக்டருக்கு அடியில் பார்க்கலாம், குதிருக்குள் கையை விட்டுத் துழாவலாம். பாஸ்போர்ட்டுக்குள் என்ன ஆயுதம் இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால் அந்தப் பாஸ்போர்ட் அந்த வீட்டுக்கு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். எழுபதுகளின் கடைசியிலிருந்து இந்தக் கரிசல் காட்டுப் பையன்கள் குவைத்துக்கும் துபாய்க்கும் போக ஆரம்பித்தார்கள். மேலத்தெரு ஆளின் காட்டில் களை எடுத்தால்தான் ராத்திரி கஞ்சி என்றிருந்த வீட்டில் மாதாமாதம் டிராஃப்ட் வந்தது. கூலிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடிந்தது. டி.வி. வந்தது, மின்விசிறி வந்தது, பொம்பளைப் பிள்ளைக்குத் தையல் மிஷின் வந்தது, பையன் காலேஜுக்குப் போனான். ஆகஸ்ட் 31 பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு சாமானும், இனி உன் தயவு எனக்கு வேண்டாம் என்று யாரோ ஒருவருக்குச் சொன்ன சாமான். ஊரே அப்படிச் சொல்லிவிட்டது என்பதுதான் பலருடைய கண்ணை உறுத்தியிருக்கிறது.

எனக்குப் பாஸ்போர்ட் விஷயம்தான் மனதை விட்டு அகலவில்லை. தொலைந்த பாஸ்போர்ட்டுக்கு மாற்று வாங்கியவர்களுக்குத் தெரியும், முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே தொலைந்தது, எப்போது தொலைந்தது, எப்படித் தொலைந்தது என்று கேட்பார்கள். மார்க் ஷீட் தொலைந்தாலும் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், தலைமை ஆசிரியர் என்று அலைய வேண்டும். கொடியன்குளத்துப் பையன் ஒருவன் அந்த மனுவில் 'எப்படி' என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பான்? காக்கிச் சட்டை கொளுத்தியது என்று காக்கிச் சட்டையிடமே எழுதிக் கொடுத்து, அதற்கு ரசீது வாங்கி வந்து பாஸ்போர்ட் ஆபீஸில் நீட்ட வேண்டும். 'தொலைந்துவிட்டது' என்று எழுதிவிட்டுப் போவதே சுலபம். வேலை நடக்க வேண்டுமே. இப்படித்தான் ஆவணங்களில் நடந்தது ஒன்றும் இருப்பது ஒன்றுமாக ஆகிறது.

அரசு 17.24 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தபோது ஊர் அதை வாங்க மறுத்தது. பணம் தேவைப்படாத ஊர் இல்லை அது. ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி கோமதிநாயகம் தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஓட்டப்பிடாரம் தனித் தொகுதி தேவேந்திரர் தலைவர் டாக்டர் கிருஷ்ணசாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவருக்குப் போட்ட ஓட்டும் கொடியன்குளத்துக்குக் கிடைத்த ஒரு தீர்ப்புதான் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு தீர்ப்பு?

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் சேர்ந்து அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் புகுந்தன. அங்கேயும் வீடுகளை நாசமாக்கினார்கள், கிணறுகளைக் குடிக்க லாயக்கில்லாமல் ஆக்கினார்கள். அதோடு 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தப்பியவர்கள் மலைக்குள் ஒளிந்துகொள்ள, மாதக்கணக்கில் ஊர் ஆளற்றுக் கிடந்தது. 269 அரசு ஊழியர்கள்மேல் வழக்கு. 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம் ஆனது என்பதை நாம் சாதனையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்றாலும் வாச்சாத்திக்கு ஒரு காகிதம் கையில் இருக்கிறது, இன்னது நடந்தது, இன்னார் செய்தார்கள் என்று முத்திரை குத்திய காகிதம். கொடியன்குளத்துக்கு அப்படி ஒன்று இல்லை.

திரும்பும் வழியில் பாஞ்சாலங்குறிச்சிக்கும் போனேன். டீக்கடைக்காரர் பேச்சைத் தட்டுவானேன். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளும் கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டியது. பழைய கோட்டையின் மிச்சம் மண்ணோடு மண்ணாக, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டபோதே கும்பினியார் இந்தக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும் சில நாளில் மண் கோட்டை திரும்ப எழுந்து நின்றது. வந்து பார்த்த மேஜர் மெக்காலே திகைத்துப் பின்வாங்கினான். மே மாதம் 24ஆம் தேதி கர்னல் அக்னியூ பெரும்படையோடு வந்து பிடித்தபோது இனி ஒருமுறை எழவே கூடாது என்று முடிவு செய்தார்கள். சுவரைத் தரைமட்டமாக்கி, மேலே ஏர் ஓட்டி, ஆமணக்கு விதைத்து உப்புத் தூவினார்கள். அதற்கும் மேலே ஒன்று செய்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குப் புத்தகங்களிலிருந்து எடுக்கச் சொன்னார்கள்.

சுவரை இடிப்பது கோபத்தில் நடக்கும். பெயரை அடிப்பதற்கு ஒரு குமாஸ்தா வேண்டும், மைக்கூடு வேண்டும், நிதானம் வேண்டும். கும்பினிக்கு அந்த நிதானம் இருந்தது. ஆனாலும் பலிக்கவில்லை. கும்மிப் பாட்டிலும் கதைப் பாட்டிலும் தெருக்கூத்திலும் பெயர் கிடந்து, 1959இல் சிவாஜியின் தொண்டை வழியாக நாடு முழுக்கப் போனது. போதாக்குறைக்கு முற்றுகையில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ராணுவ அதிகாரியே 1830இல் எழுதிய புத்தகத்தில் ஊமைத்துரையை வியந்து எழுதி வைத்துவிட்டான்.

பெயரை அடிக்கிற வேலையைக் கும்பினி மட்டும் செய்யவில்லை, நாமும் செய்தோம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி, வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்ற தளபதி, இதே ஓட்டப்பிடாரம் தாலுகாவில் கவர்னகிரிக்காரர், தேவேந்திரர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் சிலர். அதற்கும் வெட்டு, அதற்கும் தீ. ஜூலை மாதம் அரசு ஒரே அடியாக எல்லாத் தலைவர் பெயர்களையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எடுத்தது. 1986இல் பிறந்த சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆயிற்று. பஸ்களில் பெயின்ட் அடித்து மறைத்தார்கள். கட்டபொம்மன், வ.உ.சி., சுந்தரலிங்கம். மூன்று பேரும் ஒரே தாலுகாக்காரர்கள், மூன்று பெயரும் ஒரே உத்தரவில் போயின. வ.உ.சி. பெயர் 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பல் ஓட்டியவருக்கு அதுதான் பொருத்தம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

கொடியன்குளத்துப் பெயருக்கும் இப்படி ஒரு சின்னக் கதை உண்டு. 2021இல் வந்த 'கர்ணன்' படத்தைப் பார்த்த எல்லோருக்கும் அது எந்த ஊர் என்று தெரியும். திரையில் ஊர்ப் பெயர் பொடியன்குளம். அதுகூடப் பரவாயில்லை, சினிமா. சண்டை வந்தது வருஷத்துக்காக. படத்தின் தொடக்கத்தில் 1997 என்று போட்டிருந்தது. நடந்தது 1995. இடையில் ஆட்சி மாறியிருந்ததால் யார் ஆட்சியில் என்ற கேள்வி கிளம்ப, எழுத்தை 'தொண்ணூறுகளின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். எரிந்தது யாருடைய சான்றிதழ் என்பதைவிட யாருடைய ஆட்சி என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பேச்சு.

எழுந்து வருகிறவனை அடிப்பது இந்தச் சீமைக்குப் பழைய வழக்கம். 1899 ஜூன் 6 அன்று சிவகாசியை ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து தாக்கினார்கள். அப்போது அதுவும் திருநெல்வேலி ஜில்லா. எண்ணூறுக்கு மேல் வீடுகள் எரிந்தன. அதற்கு நான்கு வருஷம் முன்னால் கழுகுமலையில் நடந்ததும் அதே கதைதான். பனையேறிகளாகக் கிடந்த நாடார்கள் பேட்டை போட்டு, வியாபாரம் பெருக்கி, கோயிலுக்குள் நுழைவோம் என்று நின்றதுதான் அவர்கள் செய்த குற்றம். இன்று சிவகாசிக்குப் போகிறவருக்கு எரிந்த வீட்டின் அடையாளம் ஏதாவது தெரியுமா? மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், சங்கம் வைத்தார்கள், அச்சகம் வைத்தார்கள். இந்தியாவுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கிற ஊர் தன் சொந்த நாள் ஒன்றைக் காலண்டரில் குறிக்காமல் விட்டுவிட்டது. ஒரு காலத்தில் எரிந்த ஊர்க்காரர்கள் பிற்பாடு எரிந்த ஊர்க்காரர்களுக்காக ஓடி வந்து நின்றார்களா என்றால், அதையும் அவ்வளவு தெம்பாகச் சொல்ல முடியாது.

தூத்துக்குடிக்கு நேர் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இன்னொரு கதை இருக்கிறது. முத்துக்குளிப்புக் காலத்தில் தூத்துக்குடிப் பரதவரும் காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் தோணி ஏறிப் போய்க் கூடாரம் போட்டது மன்னாருக்குத் தெற்கே சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும். அந்த முசலிப் பகுதி முஸ்லிம் ஊர்களை 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் காலி செய்ய வைத்தார்கள். வட மாகாணம் முழுக்க ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த கெடு இரண்டு மணி நேரம். புத்தளத்து அகதி முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009க்குப் பிறகு முசலிக்காரர்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குள் மரம் நின்றது. இருபது வருஷக் காடு. அந்தக் காட்டில் ஒரு பகுதியை 2012இல் அரசு வர்த்தமானியில் வன ஒதுக்கீடு என்று அறிவித்துவிட்டது. தன் வீட்டு மனையில் முள்ளை வெட்டியவர்களைப் பார்த்து வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று கொழும்பில் கூச்சல் கிளம்பியது. கிணறு இருந்தது, பள்ளிவாசல் அடித்தளம் இருந்தது. கேட்டது உறுதிப் பத்திரத்தை. கெடுவுக்குள் கிளம்பியவர்களில் எத்தனை பேர் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடியிருப்பார்கள்? இதைச் செய்தவர்கள் தமிழ் பேசுகிறவர்கள், அனுபவித்தவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். தமிழ்நாட்டு மேடைகளில் இது பேச்சாக வந்து நான் கேட்டது மிகக் குறைவு.

இடிபாட்டை அப்படியே வைத்துக் காப்பாற்றிய ஊரும் உலகத்தில் இருக்கிறது. பிரான்ஸில் ஒராதூர் என்ற கிராமத்தை 1944 ஜூன் 10 அன்று ஜெர்மன் நாஜிப் படை அழித்தது, அறுநூறுக்கு மேல் சாவு. ஒரு செங்கல்லையும் நகர்த்தாமல் வைக்க வேண்டும் என்று தெகோல் சொல்ல, பக்கத்தில் புது ஊர் கட்டிக்கொண்டு பழைய ஊரை எரிந்த கோலத்திலேயே விட்டார்கள். அதன் படங்களில் திரும்பத் திரும்ப வருவது துருப்பிடித்த தையல் மிஷின்கள். வீட்டுக்கு ஒன்று இருந்திருக்கும் போல. மரமும் துணியும் ஆட்களும் எரிந்த பிறகு இரும்பு மட்டும் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது.

கொடியன்குளத்துத் தையல் மிஷின்களை யாரும் அப்படி வைக்கவில்லை. வைக்கவும் முடியாது. பழைய இரும்புக்கு எடை போட்டிருப்பார்கள், அல்லது வளைந்த சக்கரத்தை நிமிர்த்தித் திரும்ப ஓட்டியிருப்பார்கள். பக்கத்தில் புதியம்புத்தூருக்குப் போனால் தெருத்தெருவாகத் தையல் சத்தம்தான், ரெடிமேட் துணிக்குப் பேர் போன ஊர். ஒராதூருக்குப் பக்கத்தில் புது ஊர் கட்ட பிரெஞ்சு அரசு இருந்தது. இங்கே இருக்கிறவனுக்கு இருக்கிற மனை ஒன்று. அதில்தான் அழ வேண்டும், அதில்தான் சோறு பொங்க வேண்டும். இடிபாட்டைக் காப்பாற்றுவதற்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது.

கொடியன்குளத்தைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா, "உக்காருங்கய்யா" என்று செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த நாளைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் கிண்டவில்லை. பேச்சு மழையைப் பற்றிப் போனது, மக்காச்சோளப் புழுவைப் பற்றிப் போனது, பிறகு பேரனைப் பற்றி. கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான், அடுத்த வருஷம் வெளிநாடு போகப் பார்க்கிறான்.

"பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டேன். வாய் தவறித்தான் வந்தது.

"வந்துட்டு. போன மாசம்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. இந்தப் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கிற பை. பார்வை போன இடத்தை அவர் பார்த்துவிட்டார்.

"அதுல ஜெராக்ஸுதான்யா கெடக்கு" என்றார் முறத்தைத் தட்டிக்கொண்டே. "ஒரிஜினல் எல்லாம் தூத்துக்குடில மக வீட்டுல. சர்ட்டிபிகேட்டு, பத்திரம், இவன் பாஸ்போர்ட்டு, எல்லாம். இங்க வைக்கதில்ல."